இண்டோசயனைன் கிரீன் துகள் சூடாகிறது, ஒளிரவில்லை

இண்டோசயனைன் கிரீன் என்பது அகச்சிவப்பில் ஒளிரும் பச்சைச் சாயம். உங்கள் சாயம் பெரும்பாலும் கெட்டிருக்காது, நுண்துகளுக்குள் அதை அளவுக்கு மீறி அடைத்துவிட்டீர்கள். 808 நானோமீட்டர் லேசரில் குப்பி நன்றாகச் சூடாகியும் படத்தில் ஒளிர்வே இல்லை என்கிறீர்களே, மூலக்கூறுகள் நெருங்கி ஒட்டினால் அப்படித்தான் ஆகும். உறிஞ்சிய ஆற்றல் ஒளியாக வராமல் வெப்பமாகப் போய்விடும்.

உறிஞ்சல் நிறமாலை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்ற வரைபடம், எடுத்துப் பாருங்கள். தண்ணீரில் தனி மூலக்கூறின் உச்சம் 780 நானோமீட்டர் பக்கம். 700 அருகே மேடு உயர்ந்திருந்தால் சாயம் திரண்டிருக்கிறது. அப்புறம் ஒரு துளியை டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) என்ற கரைப்பானில் கரைத்து, நன்கு நீர்க்கவைத்து அளவிடுங்கள். ஒளிர்வு திரும்பினால் காரணம் உறுதி. அடுத்த முறை சாயத்தைப் பாதியாக்குங்கள். சூடு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

ஆனால் பச்சை நிறம் ஏற்கெனவே வெளுத்திருந்தால் இந்தச் சோதனை உதவாது. தண்ணீரில், வெளிச்சத்தில் இந்தச் சாயம் சீக்கிரம் சிதையும். குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி அன்றைக்கே அளந்துவிடுங்கள்.