கூட்டு ஒளிவினையூக்கிகள்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

திருவாரூர், முதுநிலை வேதியியல் மாணவி: ஒளி பட்டால் டைட்டானியம் டை ஆக்சைடே தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்கும்போது, இரண்டு பொருள்களை இணைத்த கூட்டு ஒளிவினையூக்கி எதற்கு ஐயா?

ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972இல் அதை மின்வாயாக வைத்துக் காட்டினார்கள். அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது ஓர் எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல். ஏறத்தாழப் புற ஊதா ஒளி மட்டுமே உதவும். வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்குதான். காட்மியம் சல்பைடுக்கு 2.4 போதும், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் வாங்கும். ஆனால் அதில் எலக்ட்ரான் கிளம்பிய இடத்தில் உண்டாகும் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள்) தண்ணீரை விட்டுவிட்டுச் சல்பைடையே அரிக்கின்றன. இரண்டையும் இணைத்தால் எலக்ட்ரான் ஒரு பக்கமும் துளை மறுபக்கமும் விலகும். மீண்டும் கூடி வெப்பமாக வீணாவது குறையும். ஒன்றின் மேல் மற்றொன்று வளர்ந்திருக்க வேண்டும் அம்மா, இரண்டு தூள்களை உரலில் அரைத்துக் கலந்தால் இரண்டும் நெருங்கித் தொடும் நல்ல ஒட்டுமுகம் எளிதில் உருவாகாது. எந்தக் கட்டுரையைப் படித்தாலும், துளைகள் எங்கே போயின என்று முதலில் பாருங்கள். மெத்தனால் சேர்த்திருந்தால் அவை மெத்தனாலைத் தின்றிருக்கும். துளைகள் தண்ணீரைத் தாக்கினால்தான் ஆக்சிஜன் வரும்; அது வராத இடத்தில் தண்ணீர் பிளந்தது என்று எழுதக் கூடாது.

மன்னார்குடி: யூரியாவைச் சூடாக்கினால் வினையூக்கி கிடைக்குமாமே?

கிடைக்கும். மூடிய புடக்குகையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) சுமார் 550 டிகிரி செல்சியசில் கார்பன் நைட்ரைடு என்ற வெளிர்மஞ்சள் ஒளிவினையூக்கி வரும். அம்மோனியா புகையும், ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் மட்டும் செய்யுங்கள். மானிய யூரியா வேப்பெண்ணெய் பூசியது, வயலுக்கு உரியது. அதைத் தொடாதீர்கள்.

நாகப்பட்டினம்: கடல்நீரைப் பிளக்கலாமா?

கடல் உப்பிலுள்ள குளோரைடும் துளைகளுக்குப் போட்டியிடும். இப்போதைக்கு உப்பில்லாத நீரில் தொடங்குங்கள்.

கும்பகோணம், அரிசி ஆலை உரிமையாளர்: புழுங்கலுக்கு நெல் ஊறிய தண்ணீரை மெத்தனாலுக்குப் பதில் ஊற்றலாமே?

அருமையான கேள்வி. சர்க்கரை, மாவுப்பொருளிலிருந்து ஒளியால் ஹைட்ரஜன் எடுக்கலாம் என்று 1980இலேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் கவாயும் சகாடாவும் காட்டினார்கள். ஆனால் ஊறல்நீர் பழுப்பாகக் கலங்கியிருக்கும்; ஒளி உள்ளே இறங்காது.

அதே வாசகர்: வடிகட்டினால்?

கலங்கல் போகும், நிறம் போகாது. கரைந்த பொருள்கள் வினையூக்கியின் மேல் படியும். உங்கள் ஆலைக்குச் சாண எரிவாயுக் கலன் போன்ற ஒன்றே இன்று பொருந்தும்.

பாபநாசம், பொறியாளர்: ஊறல்நீர்க் கழிவு சுத்தமாவதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

சேர்க்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்றே எழுதுங்கள். அந்த ஹைட்ரஜனைத் தண்ணீர் பிளந்த கணக்கில் வைக்காதீர்கள். துளைகள் தின்றது மாவை!

மயிலாடுதுறை: வீட்டு மாடியில் செய்யலாமா?

வேண்டாம். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். காட்மியம் நஞ்சு, வாய்க்காலில் ஒரு துளியும் கலக்கக் கூடாது.

திருத்துறைப்பூண்டி: பம்ப்செட் எப்போது இந்த ஹைட்ரஜனில் ஓடும்?

ஜப்பானில் 100 சதுர மீட்டர் ஒளிவினையூக்கித் தட்டுகளை வெயிலில் வைத்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், சூரிய ஆற்றலை ஹைட்ரஜனாக மாற்றிய உச்சத் திறன் 0.76 சதவீதம்தான். சூரியத் தகடு பம்ப்செட்டை இன்றே வாங்குங்கள்.