நான்கு நாடுகள் ஏன் ஒரே ஃபிகர் ஸ்கேட்டிங் தேசியப் போட்டியை நடத்துகின்றன?

கேள்வி ஸ்லோவாக்கியாவைப் பற்றியது: பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில், அந்நாட்டின் தேசிய சாம்பியன் போட்டியில் செக், போலந்து, ஹங்கேரி ஆட்களுக்கு என்ன வேலை?

காரணம் எளிது, ஆள் பற்றாக்குறை. ஸ்லோவாக்கியாவின் மக்கள்தொகையே சுமார் 54 லட்சம். அதில் சீனியர் பிரிவில் ஆடுபவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜோடிப் பிரிவில் சில ஆண்டுகளில் ஒரே ஒரு ஜோடிகூடத் தேறாது. அந்த இரண்டு மூன்று பேருக்காக அரங்கம் பிடித்து, நடுவர் குழுவை உட்கார வைப்பது வீண் செலவு. அதனால் 2008-ல் செக், ஸ்லோவாக்கியா, போலந்து மூன்றும் கைகோத்தன. ஹங்கேரி சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தது. நடத்தும் பொறுப்பு நாடு விட்டு நாடு மாறும்.

பதக்கக் கணக்குதான் வேடிக்கை. எல்லாரும் ஒரே பனித்தளத்தில், ஒரே நடுவர்கள் முன்னால் ஆடுவார்கள். அப்புறம் பட்டியலை நாடுவாரியாகப் பிரிப்பார்கள். மொத்தத்தில் ஆறாவதாக வந்த ஸ்லோவாக்கியப் பெண்ணுக்கு முன்னால் இருக்கும் ஐந்து பேரும் வெளிநாட்டினர் என்றால், ஸ்லோவாக்கியத் தங்கம் அவருக்குத்தான்!

சரி, தங்கம் வாங்கினால் உலகப் போட்டிக்குப் போய்விடலாமா? முடியாது. அதற்கான குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண்ணை அங்கீகரிக்கப்பட்ட சர்வதேசப் போட்டியில் எடுத்திருக்க வேண்டும். உள்நாட்டு மதிப்பெண் அங்கே செல்லாது.

ஸ்லோவாக்கியா சின்ன நாடு என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காகத் தங்கம் வென்ற ஒண்ட்ரேய் நெபெலா, இன்றைய ஸ்லோவாக்கியத் தலைநகரான பிராட்டிஸ்லாவாக்காரர்.