ஆர்பிட்ரேஷன் எங்கே தொடங்குகிறது? வழக்கறிஞரிடம் சில கேள்விகள்

கோர்ட்டுக்குப் போகாமல் ஆர்பிட்ரேஷனில், அதாவது நடுவர் ஒருவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் முறையில், தகராறைத் தீர்த்துக்கொள்ள நினைக்கும் சென்னைவாசிகளின் கேள்விகளும், வழக்கறிஞர் ஒருவர் தந்த பதில்களும்.

அம்பத்தூரிலிருந்து: லேத் பட்டறை வைத்திருக்கிறேன், மேடம். ஒரு கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுத்ததில் 14 லட்சம் பாக்கி. தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் என்று அவர்கள் தந்த பி.ஓ.வில் (பர்சேஸ் ஆர்டரில்) போட்டிருக்கிறது. எங்கே மனு கொடுப்பது?

எங்கேயும் மனு கொடுக்க வேண்டாம். நீங்கள் எதிர்த்தரப்புக்கு அனுப்பும் நோட்டீஸ்தான் முதல் படி. 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, அந்த நோட்டீஸ் அவர்கள் கைக்குக் கிடைக்கும் நாளில்தான் ஆர்பிட்ரேஷன் தொடங்குகிறது. நீங்கள் அனுப்பிய நாளில் அல்ல. எனவே தபாலிலும் இமெயிலிலும் அனுப்பி, கிடைத்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள்.

என்னிடம் வரும் பல நோட்டீஸ்களில் ‘15 நாளில் பணம் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை’ என்று மட்டும் இருக்கும். அது போதாது. பி.ஓ. எண், தேதி, ஆர்பிட்ரேஷன் ஷரத்து, எந்தெந்த பில் பாக்கி, வட்டி எவ்வளவு என்று எழுதி, ‘இந்தத் தகராறை நடுவர் விசாரணைக்கு விடுகிறோம்’ என்று நேராகச் சொல்ல வேண்டும். நடுவராக ஒருவர் பெயரையும் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், நடுவரை நியமிக்கக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 11ஆம் பிரிவில் போகலாம்.

முக்கியமான விஷயம், பில் பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று போனில் சொன்னதெல்லாம் அந்தக் கெடுவை நிறுத்தாது. கெடுவுக்குள் கையெழுத்துப் போட்டுப் பாக்கியை ஒப்புக்கொண்டு கடிதம் தந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். நல்ல உறவு கெட்டுவிடுமே என்று காத்திருந்தே உரிமையை இழந்த பட்டறைக்காரர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உறவு முக்கியம்தான். அதற்காக நோட்டீஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. ஆர்டர் எடுக்கும் முன்பே உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்திருந்தீர்களா? அப்படியானால் குறு, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அரசு அமைப்பான ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கும் போகலாம். பி.ஓ.வில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருப்பது அதற்குத் தடை இல்லை. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அங்கே வரும் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகும் வாங்குநர் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். உங்கள் நிலையில் நானாக இருந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அதே நண்பர்: செலவு எவ்வளவு ஆகும்?

நடுவருக்கான கட்டணத்துக்கு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் நான்காம் அட்டவணை ஓர் அளவுகோல். 5 லட்சம் வரை 45,000 ரூபாய். அதற்கு மேல் 20 லட்சம் வரையுள்ள தொகைக்கு 3.5 சதவீதம் கூடும். உங்கள் 14 லட்சத்துக்கு 76,500 வரும். ஒரே நடுவர் என்றால் அதில் 25 சதவீதம் சேர்ந்து 95,625. பொதுவாக இரு தரப்பும் பாதிப் பாதி. அவர்கள் கட்டாவிட்டால் அதையும் நீங்களே கட்டி நடத்த வேண்டி வரலாம், கையில் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் ஃபீஸ் தனி.

வியாசர்பாடியிலிருந்து: லோடு ஆட்டோவுக்கு லோன் வாங்கினேன், மூன்று டியூ நின்றுவிட்டது. ஃபைனான்ஸ் கம்பெனி தானே ஒரு நடுவரைப் போட்டு, அவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. போகாமல் இருந்தால் என்ன, அக்கா?

போகாமல் இருந்துவிடாதீர்கள், தம்பி. நீங்கள் வராமலேயே தீர்ப்பு எழுதலாம். அதை கோர்ட்டின் தீர்ப்பாணை (டிகிரி) போலவே நிறைவேற்றவும் செய்யலாம்.

தகராறில் ஒரு தரப்பே தனி நடுவரைத் தன்னிஷ்டத்துக்கு நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொன்னது. 2024 நவம்பரில் அதன் அரசியல் சாசன அமர்வும் அப்படிப்பட்ட நியமனம் நடுநிலைக்கு ஒவ்வாது என்றது. ஆகவே, ‘இந்த நியமனத்துக்கு நான் சம்மதிக்கவில்லை’ என்று முதல் விசாரணைத் தேதியிலேயே எழுத்தில் கொடுத்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். சம்மதம் என்று சொல்லும் எந்தக் காகிதம் வந்தாலும் கையெழுத்துப் போட வேண்டாம். எழுத்தில் சம்மதித்தால் அந்த ஆட்சேபணை போய்விடும்.

ஏற்கெனவே தீர்ப்பு வந்திருந்தால், நகல் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதை ரத்துசெய்யக் கோரி கோர்ட்டில் 34ஆம் பிரிவில் மனு போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீதிமன்றம் தராது.

மயிலாப்பூரிலிருந்து: வீட்டு ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. ஆர்பிட்ரேஷன் போகலாமா?

வேண்டாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு வாடகை நீதிமன்றம்தான் இடம்.

வேளச்சேரியிலிருந்து: பார்ட்னர்ஷிப் ஒப்பந்தத்தைச் சரியான முத்திரைத்தாளில் எழுதவில்லை. ஆர்பிட்ரேஷன் ஷரத்து செல்லாதா?

செல்லும். 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கிவிட்டது: முத்திரைத்தீர்வைக் குறை சரிசெய்யக்கூடியது, அதனால் ஷரத்து செத்துவிடாது. குறைந்த தீர்வையையும் அபராதத்தையும் கட்ட வேண்டியிருக்கும்.

மீண்டும் வேளச்சேரி: அதற்குள் பார்ட்னர் கடைச் சரக்கை விற்றுவிட்டால்?

நடுவர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். 9ஆம் பிரிவில் கோர்ட்டில் இடைக்காலத் தடை கேளுங்கள். ஆனால் தடை கிடைத்த 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷனைத் தொடங்கியாக வேண்டும். அதாவது உங்கள் நோட்டீஸ் அதற்குள் பார்ட்னர் கைக்குப் போயிருக்க வேண்டும். மனுவைத் தயாரிக்கும்போதே அதையும் எழுதி வைத்துவிடுங்கள்.