டேங்கருக்கு எப்.சி. இருக்கிறதா? லோடு போடும் முன் பார்த்துவிடுங்கள்

கேள்வி: கும்மிடிப்பூண்டியில் சிறிய கெமிக்கல் கம்பெனி நடத்துகிறேன். வாடகை டேங்கர் லாரியில் ஹைதராபாத்துக்கு டொலுவீன் என்ற கரைப்பான் திரவம் அனுப்புகிறோம். புரோக்கர் எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். அதை வைத்து லோடு போடலாமா? அரசு சோதனை முடிந்த வண்டிதானா என்று நாமே இணையத்தில் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. போட்டோவை மட்டும் நம்பி லோடு போடாதீர்கள். பழைய சான்றில் தேதியை மாற்ற ஒரு செல்போன் போதும்.

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் மொபைல் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து உள்ளே போய், வண்டி எண்ணைப் போடுங்கள். எப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். எம்பரிவாகன் செயலியிலும் பார்க்கலாம். பதிவுத் தேதியையும் கவனியுங்கள். 8 ஆண்டுக்கு உட்பட்ட லாரிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை எப்.சி., அதற்கு மேல் போனால் ஆண்டுதோறும். 10 வருட வண்டிக்கு இன்னும் ஒன்றரை வருடம் எப்.சி. இருப்பதாக போட்டோ காட்டினால், அது பொய் என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், லோடு ஏற்றுகிற நாளை மட்டும் பார்க்காதீர்கள். ஹைதராபாத்தில் இறக்கி முடிக்கும் வரை தேதி தாங்க வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது டிரைவர் விஷயத்தில்தான். அதே பரிவாகனில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் விவரம் திறக்கும். அதில் ‘ஹசார்டஸ் வேலிட் டில்’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். லாரி லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும். ஆபத்தான சரக்குக்கான அனுமதி 3 ஆண்டுதான், அதுவும் ஒரு நாள் மறுபயிற்சி முடித்தால்தான் புதுப்பிப்பார்கள். அதனால் கையில் நல்ல லைசென்ஸ் இருக்கும், அந்த ஒரு வரி மட்டும் காலாவதியாகி இருக்கும். அந்த வரி காலியாக இருந்தாலும் அவர் உங்கள் டொலுவீனை ஓட்டக்கூடாது.

இந்தத் திரையில் வராத ஒன்று இருக்கிறது. எப்.சி. என்பது லாரிக்கு. பிரேக், லைட், டயர் சரி என்று சொல்லும், அவ்வளவுதான். மேலே இருக்கிற டேங்க்குக்கு, பெசோ எனப்படும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் தனியாக வேண்டும். டொலுவீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவி விடுகிற சரக்கு. சட்டத்தில் பெட்ரோலிய ஏ வகுப்பில் வருகிறது. ‘எக்ஸ்ப்ளோசிவ் லைசென்ஸ்’ என்று கேட்டால் எந்த டேங்கர்காரருக்கும் புரியும். அதன் அசலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள வண்டி எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கம்பெனி கேட்டிலேயே பாருங்கள். ஒரு வண்டியின் உரிமத்தை இன்னொன்றுக்குக் காட்டும் வழக்கம் எனக்குப் பெரிய கவலை தருகிறது.

இதெல்லாம் லாரிக்காரர் பாடு என்று விட்டுவிட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 131-வது விதி, வண்டி அந்தச் சரக்குக்கு உரியதா, முதலுதவியும் பாதுகாப்புச் சாமான்களும் இருக்கின்றனவா, டிரைவர் பயிற்சி பெற்றவரா என்று உறுதி செய்யும் பொறுப்பை அனுப்புகிறவர் மீதே வைக்கிறது. வண்டியின் இரு பக்கமும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும், அதில் டொலுவீனுக்கான யு.என். (ஐ.நா.) எண் 1294 இருக்கும், விபத்தானால் விவரம் கேட்க உங்கள் பெயரும் போன் நம்பரும், அல்லது விவரம் தெரிந்த வேறொருவருடையதும் இருக்க வேண்டும். விபத்தானால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் டிரெம் கார்டு டிரைவர் கேபினில் இருக்க வேண்டும், அவர் படிக்கத் தெரிந்த மொழியில்.

புரோக்கர் வண்டி எண்ணைச் சொன்ன உடனேயே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். டேங்கர் கேட்டில் வந்து நின்ற பிறகு, வாடகையும் பார்ட்டியின் அவசரமும் நெருக்கும்போது, தேதி தவறிய வண்டியைத் திருப்பி அனுப்ப மனசு வராது. பார்த்த திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த லோடின் பில்லோடு சேர்த்து வையுங்கள்.