ஹீரோவே மாறிவிட்டார், இனியும் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் மகன் பிரிட்டனில், கார்டிஃப் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்கிற ‘டாக்டர்’ என்பவரின் கதையான ‘டாக்டர் ஹூ’ சீரியலை அங்கேதான் எடுக்கிறார்களாம். போன முறை வந்தபோது, 2005ல் மறுபடி ஆரம்பித்ததிலிருந்து டிவியில் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். அவன் இருக்கும் ஊர் தெரிகிறதா என்று பார்க்கத்தான் உட்கார்ந்தோம். முதல் எபிசோடிலேயே குப்பைத்தொட்டி ஒரு பையனை விழுங்கி ஏப்பம் விட்டது. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற என் கணவர், ‘சின்னப் பிள்ளைகள் சமாசாரம்’ என்று எழுந்து போய்விட்டார். எப்போது திரும்பி வந்து உட்கார்ந்தார் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது ராத்திரி ஒன்பது ஆனால் அவர்தான் ரிமோட்டைத் தேடுகிறார். ஆனால் முதல் சீசன் கடைசியில் டாக்டரே வேறு ஆளாக மாறியதும் கோபம் வந்துவிட்டது. ‘பார்த்தால் 1963லிருந்து ஒழுங்காகப் பார்ப்போம், இல்லையென்றால் வேண்டாம்’ என்கிறார். மாம்பலத்திலிருந்து வரும் நாத்தனாரோ, ‘அறுபது வயசில் இதெல்லாம் தேவையா’ என்று சிரிக்கிறார். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், நங்கநல்லூர்.

பதில்: உங்கள் கணவருக்குக் கோபம் வந்ததே, அப்போதே அவர் ரசிகராகிவிட்டார் அம்மா. பிடிக்காத சீரியலில் யார் மாறினால் யாருக்கு என்ன?

நம் சீரியல்களில் நடிகர் விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவார்கள். இங்கே அந்த ஒரு வரியையே கதையாக்கிவிட்டார்கள். முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு 1966 வாக்கில் உடம்பு முடியவில்லை. தொடரை நிறுத்தவும் மனமில்லை. டாக்டர் வேற்றுக்கிரகத்து ஆள்தானே, உயிர் போகிற நேரத்தில் உடம்பைப் புதுப்பித்துக்கொள்வார் என்று வைத்து, பாட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். முகத்தோடு குணமும் மாறியது. இந்தத் துணிச்சல் இல்லாமல் போயிருந்தால் உங்கள் வீட்டு டிவி வரை அது வந்திருக்காது.

2005ல் வந்த கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் ஒரே சீசனோடு விலகிக்கொண்டார். அடுத்து டேவிட் டெனன்ட். அவருடைய முதல் முழுக்கதை, அந்த வருஷம் வந்த கிறிஸ்துமஸ் ஸ்பெஷல். ஒரு மணி நேரம்தான், அதை மட்டும் அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புது டாக்டர் பாதிக்கு மேல் பைஜாமாவோடு படுக்கையில் சுயநினைவின்றிக் கிடக்கிறார். நம்ம டாக்டர் போய்விட்டாரே என்று, அவரோடு பயணம் செய்யும் ரோஸ் அழுகிறாள். உங்கள் கணவருக்குச் சமமாகக் கோபித்துக்கொள்ள, கதைக்குள்ளேயே ஒருத்தி இருக்கிறாள்.

அப்புறம் அந்த 1963. வங்கிக்காரர், ஆரம்ப இருப்பைப் பார்க்காமல் நகரமாட்டார், புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் பக்கங்களே இல்லை. அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்பும் குறைவு. எனவே பிபிசி பழைய டேப்புகளை அழித்துவிட்டு மறுபடி உபயோகித்தது. 1960களின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேல் இன்னும் படமாகக் கிடைக்கவில்லை. ரசிகர்கள் வீட்டில் பதிவு செய்துவைத்த ஒலி மட்டும் மிச்சம். வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய பிரதிகள் எங்காவது அகப்பட்டால்தான் உண்டு. அப்படி ஒன்பது எபிசோடுகள் நைஜீரியாவில் கிடைத்ததாக 2013ல் அறிவித்தார்கள்.

ரொம்பப் பிடிவாதம் பிடித்தால், 1963 நவம்பர் 23 அன்று வந்த முதல் எபிசோடை மட்டும் காட்டுங்கள். கறுப்பு வெள்ளை, 25 நிமிடம், இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். அப்போது அவருக்கு வயது 24. அதோடு நிறுத்திவிடுங்கள். அடுத்த மூன்று எபிசோடும் கற்கால மனிதர்கள் நெருப்புக்காக அடித்துக்கொள்வது. அவர் மறுபடி எழுந்து போய்விடுவார்.

முன்கதை தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். 1989ல் நின்றுபோன தொடர் அது. நடுவில் 1996ல் ஒரு டிவி படம் வந்ததோடு சரி. 2005ல் திரும்பியபோது பிரிட்டன் சிறுவர்களே டாக்டரைப் பார்த்ததில்லை. அதனால்தான் அப்போது தொடரின் தலைமை எழுத்தாளராக இருந்த ரஸ்ஸல் டி டேவிஸ் கதையை, துணிக்கடையில் வேலை பார்க்கும் ரோஸின் கண் வழியாக ஆரம்பித்தார். டாக்டரின் கிரகம் அழிந்த சேதி இரண்டாம் எபிசோடில்தான் தெரிகிறது. முகம் மாறும் ரகசியம் பதின்மூன்றாவதில்தான். அவ்வளவு நிதானமாகச் சொன்னதால்தான் உங்கள் கணவரும் நிதானமாக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

எப்போது உட்கார்ந்திருப்பார்? நான்கிலும் ஐந்திலும் வேற்றுக்கிரகவாசிகள் ஓயாமல் காற்றுப் பிரித்துக்கொண்டே ஆட்சியைப் பிடிக்கிறார்கள். அதற்கு எழுந்து போனவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆறாவதில் டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளில் ஒன்றே ஒன்று சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த டாக்டர் அதன் முன்னால் நின்று கத்தும்போது, யார் அரக்கன் என்றே சந்தேகம் வந்துவிடும். எட்டாவதில், கைக்குழந்தையாக இருந்தபோது இறந்துபோன அப்பாவைக் காப்பாற்ற ரோஸ் காலத்தில் பின்னால் போகிறாள். பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிய அப்பா எவரும் அதன் நடுவில் எழுந்திருக்கமாட்டார்.

‘பிடித்திருக்கிறதா’ என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். இல்லை என்பார், அப்புறம் அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். அதற்குப் பதில் போனை அவர் கையில் கொடுங்கள். மூன்றாவது எபிசோடில் வரும் 1869ஆம் வருஷத்துக் கார்டிஃபில் சில இடங்கள் உண்மையில் ஸ்வான்சீ என்ற வேறு ஊர். பதினொன்றாவதில்தான் அசல் கார்டிஃப் விரிகுடா வருகிறது. இதையெல்லாம் மகனிடம் கேட்டுச் சரிபார்க்கட்டும். ‘சாப்பிட்டியா, குளிரா’ என்பதைத் தாண்டி இருவருக்கும் பேச விஷயம் கிடைக்கும்.

நாத்தனாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்றாம் சீசனின் பத்தாவது எபிசோட் ‘பிளிங்க்’, 2007ல் வந்தது, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கியது. டாக்டர் கொஞ்ச நேரம்தான் வருகிறார், முன்கதை எதுவும் வேண்டாம். நாம் கண் சிமிட்டும் நேரத்தில் நகரும் கற்சிலைகள், அவ்வளவுதான் கதை. அடுத்த முறை வரும்போது அதைப் போட்டு உட்கார வையுங்கள். ஆனால் பகலில் போடுங்கள். ராத்திரி என்றால் பழவந்தாங்கல் ஸ்டேஷன் வரை யாராவது கூடப் போக வேண்டியிருக்கும்.