பூட்டிக் கிடக்கும் அறையில் எல்லாச் சபையாரும் ஜெபிக்கலாமா?

கேள்வி: மதுரையில் பழைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம் ஒன்றின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறேன். வெஸ்ட்ரிக்கு (ஆயரின் ஆயத்த அறை) பக்கத்தில் 12-க்கு 18 அடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. எந்தச் சபையாரும் வந்து ஜெபிக்கிற இடமாக அதை மாற்ற ஆசைப்படுகிறோம். சுற்றிலும் ஒரு கத்தோலிக்க ஆலயம், ஒரு லுத்தரன் ஆலயம், இரண்டு பெந்தெகொஸ்தே சபைகள் உண்டு. நகரம் முழுக்க இப்படி இடங்கள் வரவேண்டும் என்கிறார்கள் எங்கள் வாலிபர்கள். சண்டைதான் வரும் என்கிறார்கள் கமிட்டியில் சிலர். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: சகோதரி, அறையின் நீள அகலத்தை எழுதியிருக்கிறீர்கள். அதைத் தினமும் திறக்கப்போவது யார் என்று எழுதவில்லை. முதலில் முடிவாக வேண்டியது அதுதான்.

நான் முன்பு ஆயராக இருந்த ஒரு சேகரத்தில் (ஓர் ஆயரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) ஆசையாசையாக ஒரு ஜெப அறை கட்டினோம். புது டைல்ஸ், ஏசி, சுவரில் பொன்னிற எழுத்தில் வசனம். பிரதிஷ்டை அன்று சபை முழுக்கச் சாப்பாடு. சாவி மட்டும் வெஸ்ட்ரி பீரோவுக்குள் இருந்தது. ஜெபிக்க வந்தவர் வாட்ச்மேனைத் தேடுவார், வாட்ச்மேன் செயலாளருக்குப் போன் போடுவார், செயலாளர் ஆபீசில் இருப்பார். இரண்டு தடவை திரும்பிப் போனவர் மூன்றாவது தடவை வரவில்லை. எட்டு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு, கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள், கேரல் டிரம். அந்த டிரம்மைப் பார்த்து நின்ற நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நேரத்தை முடிவு செய்யாமல் கட்டடத்தை முடித்தோம். நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இது. வாரத்தில் மூன்று நாள், மதியம் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை. அந்த நேரத்தில் கதவு திறந்திருக்கும், உள்ளே ஒருவர் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருப்பார். வருகிறவரை வரவேற்றுப் பேசவேண்டியதில்லை. ஆள் இருப்பதே போதும். ஆறே பேர் முறை வைத்துக்கொண்டால் இதை நடத்திவிடலாம்.

வாலிபர்கள் உடனே 24 மணி நேர ஜெபம் என்று கேட்பார்கள். நல்ல ஆசைதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு மணிக்கு இருவர் என்றால் 336 முறை. அத்தனை பேர் முதல் வாரம் கிடைப்பார்கள், மூன்றாவது வாரம் கிடைக்கமாட்டார்கள். மாதம் ஒரு தடவை வெள்ளி மாலை 6 மணி முதல் சனி மாலை 6 மணி வரை மட்டும் வையுங்கள். 24 மணி நேரம், இருவர் வீதம் 48 பேர். ஐந்து சபைகள் பகிர்ந்துகொண்டால் சபைக்குப் பத்துப் பேர்கூட வேண்டாம்.

இந்த 48-க்குப் பழைய கதை ஒன்று உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சின்னக் குடியிருப்பில் 1727-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று ஜெபத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மொராவிய சபையார் என்று நாம் அறிந்தவர்கள் இவர்கள். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுக்கு மேல் அறுபடாமல் போனது. அந்த ஜெபம் ஆரம்பிப்பதற்குச் சில மாதம் முன்புவரை மொழியாலும் கொள்கையாலும் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த அகதிகள் அவர்கள். சண்டை வரும் என்று பயப்படும் உங்கள் கமிட்டியாரிடம் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த ஜின்சென்டார்ஃப் பிரபு, ஜெர்மனியின் ஹாலே நகரில் படித்த காலத்தில், நம் தரங்கம்பாடியில் ஊழியம் செய்த மிஷனரிகளை நேரில் கண்டவர். மொராவியரும் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். நமக்கு அந்நியமான கதை இல்லை. 1999-இல் இங்கிலாந்தின் சிசெஸ்டரில் சில வாலிபர்கள் ஆரம்பித்து, இப்போது பல நாடுகளில் நடக்கும் 24 மணி நேர ஜெப அறைகளுக்கும் இந்த ஹெர்ன்ஹூட்தான் முன்மாதிரி.

சரி, அறைக்குள் வருவோம். வெறும் மரச் சிலுவை ஒன்று, சுவரில். இயேசுவின் உருவத்தோடு கூடிய பாடுபட்ட சுரூபம் வைத்தால் பெந்தெகொஸ்தே சகோதரர்கள் தயங்குவார்கள். ஆனால் சிலுவையே வேண்டாம் என்று யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கீழே பாய், மூட்டுவலிக்காரர்களுக்கு நான்கு நாற்காலி. மெழுகுவர்த்தி வேண்டுமென்றால் கண்ணாடிக் கூண்டுக்குள், ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும். மைக் வேண்டவே வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை உண்டு. பகலில்கூட, தெருவுக்குக் கேட்கும் ஜெபம் அக்கம்பக்கத்தாருக்குப் பாரமாகிவிடும். காணிக்கைப் பெட்டி கூடாது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பெட்டி வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் எந்தச் சபைக்கு என்ற கேள்வி வரும்.

அப்புறம் உபயம். நம் ஆலயங்களில் மின்விசிறியின் இறக்கையில்கூடக் குடும்பப் பெயர் எழுதியிருக்கும். இந்த அறையில் ஒரு பெயரும் வேண்டாம். பெயர் எழுதிய நாற்காலியில் இன்னொரு தெருக்காரர் உட்காரத் தயங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சாதி நம் சபைக்குள் எப்படியெல்லாம் நுழைகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கதவு திறக்கும் ஆறு பேரும் ஒரே குடும்ப வட்டத்திலிருந்து வந்தால், பலகையில் என்ன எழுதினாலும் அது பொது அறை ஆகாது.

பைபிள் இரண்டும் வையுங்கள், நம் பழைய மொழிபெயர்ப்பும் கத்தோலிக்கரின் திருவிவிலியமும். பாஷையில்தான் முதல் இடறல் வரும். நாம் கர்த்தர் என்போம், அவர்கள் ஆண்டவர் என்பார்கள். நமக்குப் பரிசுத்த ஆவி, அவர்களுக்குத் தூய ஆவி. சேர்ந்து ஜெபித்த ஒரு மாலை நினைவுக்கு வருகிறது. கர்த்தருடைய ஜெபத்தை எல்லோரும் ஒன்றாக ஆரம்பித்தோம். பாதிப் பேர் "எங்கள் பிதாவே" என்றார்கள், பாதிப் பேர் "எங்கள் தந்தையே" என்றார்கள், சத்தம் குழம்பியது. கடைசியில் கத்தோலிக்கர்கள் ஆமென் சொல்லி நிறுத்த, நாங்கள் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்ந்துகொண்டிருந்தோம். ஒரு வயதான அம்மா பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த தடவையிலிருந்து ஒரு வாரம் அவர்கள் வாசகம், ஒரு வாரம் நம் வாசகம் என்று அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்தோம். அத்தோடு குழப்பம் தீர்ந்தது. அடுத்தவர் சொல்லும் வார்த்தையில் ஜெபித்துப் பழகுவது, அந்த அறை தரக்கூடிய பெரிய ஆசீர்வாதங்களில் ஒன்று.

பெந்தெகொஸ்தே சபையார் ஆவியில் நிறைந்து பேசும் அந்நிய பாஷையும் மௌனமும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் ஒத்துவராது. அதற்குக் கொள்கை விவாதம் தேவையில்லை, கால அட்டவணை போதும். மதியம் மௌன நேரம், மாலை சத்தமாக ஜெபிக்கலாம் என்று கதவில் ஒரு பலகை மாட்டுங்கள். மௌன நேரத்தில் ஒருவர் ஜெபமாலை உருட்டினால் உருட்டட்டும். மாலை நேரத்தில் ஒருவர் கையுயர்த்தி அழுதால் அழட்டும். இதை ஆரம்பிக்கும் முன்பே ஐந்து சபை ஊழியர்களும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அதே தாளில் இன்னொன்றும் இருக்கட்டும்: இந்த அறையில் யாரும் யாரையும் தங்கள் சபைக்கு அழைப்பதில்லை. ஆடு திருடுகிறார்கள் என்ற புகார் ஒரு தடவை எழுந்தால் போதும், மற்ற நால்வரும் விலகிவிடுவார்கள். திருவிருந்தும் திருப்பலியும் அவரவர் ஆலயத்திலேயே நடக்கட்டும்.

கத்தோலிக்கப் பங்குத் தந்தை தயங்கினால், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டை நினைவுபடுத்துங்கள். ஒன்றிப்புக்காகப் பிற சபையாரோடு சேர்ந்து மன்றாடுவது விரும்பத்தக்கது என்றே அதில் இருக்கிறது. லுத்தரன் சபையாரோடு உங்களுக்குச் சிக்கலே இராது. அரசரடியில் இருக்கும் இறையியல் கல்லூரியில் அவர்களும் நாமும் எத்தனையோ ஆண்டாகச் சேர்ந்தே படிக்கிறோம்.

ஜெபக் குறிப்புச் சீட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீட்டில் ஜனங்கள் எதையெல்லாம் எழுதுவார்கள் தெரியுமா? மகளின் விவாகரத்து, மகனின் குடி, வெளியே சொல்லமுடியாத வியாதி. அதைச் சத்தமாக வாசிக்கக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பெயர் எழுத வேண்டாம் என்று பெட்டிமேல் எழுதுங்கள். வாரக் கடைசியில் இருவர் சேர்ந்து எரித்துவிடுங்கள். அறைக் கதவில் கண்ணாடி வைத்த சன்னல் இருக்கட்டும். தனியாக ஒரு பெண்ணையோ பிள்ளையையோ உள்ளே வைத்து ஆலோசனை சொல்ல யாருக்கும், எனக்கே ஆனாலும், அனுமதி இல்லை. இரவு முறைகளில் குடும்பமாக வருகிறவர்களைப் போடுங்கள். கழிவறை விளக்கு எரிகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. ஆலயச் சொத்து சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். ஆகவே அறையின் உபயோகத்தைச் சேகரக் கமிட்டி தீர்மானமாக எழுதி வையுங்கள், மற்ற சபைகளுக்கு உரிமை எதுவும் மாறவில்லை என்பதையும் சேர்த்து. வாலிபர்கள் உற்சாகத்தில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்து ஜெப வீடாக்கலாம் என்பார்கள். வேண்டாம். தமிழ்நாட்டில் புதிதாக வழிபாட்டு இடம் அமைக்க மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி கேட்கப்படுகிறது. அது இல்லாமல் ஆரம்பித்து, புகார் வந்து பூட்டுப் போடப்பட்ட இடங்கள் உண்டு. ஏற்கெனவே இருக்கும் ஆலய வளாகங்களே நமக்குப் போதும்.

நகரத்துக்கும் அதே வழிதான். கத்தோலிக்க ஆலயங்கள் பெரும்பாலும் பகல் முழுக்கத் திறந்திருக்கின்றன. நம் ஆலயங்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பூட்டப்படுகின்றன. ஐந்து சபைகளும் ஆளுக்கு ஒரு கிழமை எடுத்துக்கொண்டால் திங்கள் முதல் வெள்ளி வரை மதுரையில் எங்காவது ஒரு கதவு திறந்திருக்கும். அந்த ஐந்து முகவரியையும் நேரத்தையும் ஒரு சின்ன அட்டையில் அச்சடியுங்கள். ராஜாஜி ஆஸ்பத்திரியில் உறவினரைச் சேர்த்துவிட்டு வெளியூரிலிருந்து வந்து வராந்தாவில் காத்திருக்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம் இருந்தால் எத்தனை ஆறுதல்! அதனால் ஆஸ்பத்திரிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் அருகே உள்ள ஆலயங்களை முதலில் கேளுங்கள்.

ஆரம்பிக்கத் தேதி தேடவேண்டாம். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். பெண்கள் ஐக்கிய சங்கமாக நீங்கள் ஏற்கெனவே ஆசரிப்பதுதான். இந்த முறை மற்ற நான்கு சபைப் பெண்களையும் அழையுங்கள், ஆராதனை முடிந்ததும் அறைக்குக் கூட்டிப் போய்ப் பாயில் உட்கார வையுங்கள். பிறகு அடுத்த ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒற்றுமை வாரத்தில், பொங்கல் லீவு முடிந்த கையோடு, சபைக்கு ஒரு நாளாக முறை வைக்கலாம். 2013-இல் அந்த வாரத்துக்கான ஜெபங்களை உலகம் முழுவதற்கும் எழுதிக் கொடுத்தவர்கள் இந்திய கிறிஸ்தவ மாணவர்கள். பைபிளில் மீகா புத்தகத்தின் 6-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்த அந்த ஜெபங்களில் தலித் மக்களின் குரல் நேராகவே ஒலித்தது. உங்கள் வாலிபர்களைத் தேடி வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்யுங்கள். அறையைப் பெருக்கிவிட்டு, ஒரு மதியம் 12 மணிக்குத் தனியாகப் போய் 2 மணி வரை உட்காருங்கள். வெயில் எந்தச் சன்னல் வழியாக இறங்குகிறது, ரோட்டுச் சத்தம் எவ்வளவு கேட்கிறது, விசிறி கிறீச்சிடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் பங்குத் தந்தையையோ பாஸ்டர் ஐயாவையோ ஒருவரை மட்டும் கூட அழைத்து உட்கார வையுங்கள். கமிட்டிக் கடிதத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.