நெடில் கோடும் மக்ரோன்களும்

கேள்வி: ரோமன் எழுத்தில் ஓர் உயிரொலியை நெடிலாக ஒலிக்க வேண்டும் என்று காட்ட, அதன் தலைமேல் சிறு படுக்கைக் கோடு இடுகிறார்கள். 'மேக்ரான்' எனப்படும் இக்குறிக்கும் பிரான்ஸ் அதிபரின் பெயருக்கும் உறவு உண்டா? வரலாற்றில் இப்பெயருடையோர் வேறு எவரேனும் இருந்தனரா?

பதில்: அதிபரின் பெயர் தலைமுறையாக வரும் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்; அது கோட்டைப் பார்த்து வைத்த பெயரன்று. ஆனால் பண்டைக் கிரேக்கரிடையே வழங்கிய ஆட்பெயர் ஒன்றுக்கும் இக்குறிக்கும் நெருங்கிய உறவு உண்டு. 'நெடிய' என்னும் பொருளுடைய ஒரே கிரேக்க அடியிலிருந்து பிறந்தவற்றுள் குறியின் பெயர் 'மக்ரொன்', ஆளின் பெயர் 'மக்ரோன்'. எழுத்தளவில் குறிலும் நெடிலுமே இவற்றைப் பிரிக்கின்றன. அதே வேறுபாட்டைக் காட்டுவதுதான் அக்கோட்டின் பணி என்பது எண்ணி வியக்கத்தக்கது.

இப்பெயருடையோரில் என்னை மிகவும் கவர்ந்தவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்சில் வாழ்ந்த மட்கல ஓவியர் மக்ரோன். குயவர் ஹியெரோன் வனைந்த கலங்களில் செவ்வுருவ முறையில் (கரும்பின்னணியில் செந்நிற உருவங்கள்) ஓவியம் தீட்டிய அவருடைய கையொப்பம், டிராய் இளவரசன் பாரிஸ் ஸ்பார்ட்டா அரசி ஹெலனை அழைத்துச் செல்லும் காட்சி கொண்ட கிண்ணம் ஒன்றில் இருக்கிறது. அது இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கால ஏதென்சு எழுத்தில் ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் ஒரே வடிவமே இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டும் அயோனிய நெடுங்கணக்கை அந்நகரம் முறைப்படி ஏற்றது கி.மு. 403 அளவில்தான்.

அடுத்தவர், மக்ரோன் என்ற அடைபெயர் கொண்ட தாலமி. எகிப்திய அரசுக்காகச் சைப்ரசை ஆண்ட இவர், பின்னர் செலூக்கிய மன்னர் நான்காம் அந்தியோக்கு பக்கம் சேர்ந்தார். யூதர்களிடம் நீதியாக நடக்க முயன்ற இவரைத் துரோகி என்று பழித்ததால் நஞ்சுண்டு மாண்டார் என்று யூத வரலாறு கூறும் மக்கபேயர் இரண்டாம் நூல் சொல்கிறது.

ரோமில் இருந்தவர் சுடோரியஸ் மக்ரோ. லத்தீனில் எழுவாயாக வரும்போது மறையும் னகரம், 'மக்ரோனிஸ்' என வேற்றுமை ஏற்கையில் திரும்பிவிடும். கி.பி. 31இல் பேரரசர் திபேரியஸ் ஆணைப்படி, அப்போதைய காவற்படைத் தலைவர் செஜானஸை வீழ்த்தி அப்பதவியைப் பெற்ற இவர், அடுத்த பேரரசர் காலிகுலா அரியணை ஏறத் துணைநின்றும், 38இல் அவராலேயே தற்கொலைக்குத் தள்ளப்பட்டார்.

கேள்வி: அக்கோட்டை விட்டுவிட்டு எழுதினால் பிழையாகுமா?

பதில்: மொழியைப் பொறுத்தது. லத்தீனில் 'லிபர்' என்றால் நூல், 'லீபர்' என்றால் சுதந்திரமானவன். ஆயினும் ரோமானியர் இக்கோட்டை இவ்வாறு பயன்படுத்தவில்லை, கல்வெட்டுகளில் சில வேளை வேறொரு சாய்குறி இட்டனர். இன்று மேக்ரான் இடுவது கற்போருக்கான உதவி. லாத்விய மொழியிலோ அது எழுத்திலக்கணத்தின் பகுதி. நியூசிலாந்துப் பழங்குடியினரின் மவோரி மொழியில் 'வஹினெ' ஒரு பெண்ணையும் 'வாஹினெ' பல பெண்களையும் குறிப்பதால், அங்கே கோடு விடுபட்டால் ஒருமையும் பன்மையும் மயங்கும். ஆகவே அம்மொழிச் சொற்களை எடுத்தெழுதும் எவரும் கோட்டை விடாமல் இடுவதே முறை.